காற்றைத் தடுப்பதா, திருப்புவதா?

நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் சென்று திரும்பிய உங்கள் அண்ணனையோ மாமாவையோ கேட்டுப் பாருங்கள். கழுத்து வலிக்கிறது, காது இரைகிறது என்பார்கள். உழைத்தது என்ஜின், களைத்துப் போனதோ ஓட்டியவர்! இதற்குப் பெருங்காரணம் காற்று. இதைச் சமாளிக்கவே வண்டியின் முன்புறம் ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் பொருத்துகிறார்கள். இதுவே விண்ட்ஷீல்டு. இது பல உயரங்களில் கிடைக்கிறது. உயரமானதே நல்லது என்று பலரும் எண்ணுவர். அது சரிதானா?

காற்றின் தள்ளுவிசை

ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். காற்றின் அடர்த்தியை வேகத்தின் இருமடியால் பெருக்கி, அதில் பாதியை எடுத்தால், மோதும் காற்றின் அழுத்தம் கிடைக்கும். மணிக்கு 90 கி.மீ. என்பது விநாடிக்கு 25 மீட்டர். எனவே அழுத்தம் = ½ × 1.2 × 25 × 25 = 375 நியூட்டன்/சதுர மீட்டர். நிமிர்ந்து அமர்ந்தவரின் மார்பும் தலையும் 0.4 சதுர மீட்டர் பரப்பில் காற்றை எதிர்கொள்வதாகக் கொள்வோம். விசை சுமார் 150 நியூட்டன் ஆகிறது. 15 கிலோகிராம் மூட்டையைத் தூக்கி நிறுத்தத் தேவையான விசை இது! இதே விசையுடன் ஒருவர் உங்கள் மார்பை மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும்?

வேகம் பாதியானால் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். ஊருக்குள் மெதுவாகச் செல்பவருக்கு விண்ட்ஷீல்டு அவ்வளவாகத் தேவைப்படாததன் காரணம் இதுவே.

ஒரு சோதனை

பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றுங்கள். அதன் முன்னே உள்ளங்கை அகலமுள்ள அட்டையை நிறுத்தி, அட்டையின் மீது நேராக ஊதுங்கள். சுடர் எந்தப் பக்கம் சாயும்? உங்களைவிட்டு விலகி அல்ல. அட்டையை நோக்கி, அதாவது உங்களை நோக்கியே சாயும்!

அட்டையின் விளிம்புகளைக் கடந்து விரையும் காற்று, பின்னாலுள்ள காற்றையும் இழுத்துச் செல்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்பப் பின்புறக் காற்று சுழன்று திரும்பி வருகிறது. மிக உயரமான விண்ட்ஷீல்டின் பின்னாலும் இதுவே நிகழ்கிறது. முதுகுப் பக்கமிருந்து காற்று முன்னோக்கித் தள்ளுகிறது. இதனாலேயே சில விண்ட்ஷீல்டுகளின் அடியில் இடைவெளி விடுகிறார்கள். அதன் வழியே புகும் காற்று அழுத்தக் குறைவை ஓரளவு ஈடுசெய்கிறது.

சீரோட்டமும் கொந்தளிப்பும்

விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பைவிட்டுப் பிரியும் காற்று சுழல்களாக உடைகிறது. இந்தக் கொந்தளிப்பு சரியாகத் தலைக்கவசத்தின்மீது மோதினால் தலை விடாமல் அதிரும்; இரைச்சலும் மிகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் தலைக்கவசத்தினுள் காற்றின் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டக்கூடும். நாள்தோறும் நெடுநேரம் இதைக் கேட்பவரின் செவித்திறன் நிலையாகவே குறைந்துவிடலாம்.

ஆகவே, அரைகுறை உயரமே மிகவும் மோசமானது! குட்டையான விண்ட்ஷீல்டு மார்பைக் காக்கும். தலைக்குச் சீரான காற்றை விட்டுவிடும். போதிய உயரமுள்ளது கொந்தளிப்பைத் தலைக்கு மேலே அனுப்பிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் தலையைப் பந்தாடுகிறது. 1976-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஆர்100ஆர்எஸ் வண்டியின் முன்மூடியை உருவாக்க, இத்தாலியிலுள்ள பினின்ஃபரினா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதனைகள் செய்தார்கள். காற்றின் பாதையைக் கண்ணால் மட்டும் ஊகிக்க முடியாதல்லவா?

எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஓட்டுபவர் தலைக்கவசம் அணிந்து இயல்பாக அமரட்டும். உயரமான விண்ட்ஷீல்டாக இருந்தால், மேல்விளிம்பு அவர் மூக்கின் மட்டத்தில் இருக்கலாம். சாலையை அதன் வழியே அல்ல, அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும். மழைத்துளி ஒவ்வொன்றும் ஒரு சிறு வில்லை. கீறல் ஒவ்வொன்றும் எதிர்வரும் விளக்கொளியைச் சிதறடிக்கும். இரவு மழையில் இது உயிருக்கே ஆபத்து. விளிம்பு மூக்களவே இருந்தாலும் காற்று தலைக்கு மேலே செல்லுமா? செல்லும். சாய்ந்த தகட்டில் ஏறும் காற்று, விளிம்பைக் கடந்த பின்னும் சிறிது தூரம் மேல்நோக்கியே போகும்.

பொருத்திய பிறகு, வெறிச்சோடிய சாலையில் ஓட்டுபவர் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பார்க்கலாம். அதிர்வு நின்றால் இன்னும் உயரமானது தேவை. சற்று நிமிரும்போது நின்றால் குட்டையானதே போதும்.

பொருளையும் கவனியுங்கள். அக்ரிலிக் எளிதில் கீறல் விழாது. ஆனால் மோதலில் உடையும். பாலிகார்பனேட் உடைவது அரிது. ஆனால் மேற்பூச்சு இல்லாவிட்டால் எளிதில் கீறிவிடும். இரண்டையும் பெட்ரோலால் துடைக்கக் கூடாது. சோப்பு நீரும் மெல்லிய துணியும் போதும்.

உங்கள் வீட்டில் யாரேனும் விண்ட்ஷீல்டு வாங்கப் புறப்பட்டால் நீங்களும் உடன் செல்லுங்கள். "எது பெரியது?" என்று கேட்க வேண்டாம். "இதன் விளிம்பைக் கடந்த காற்று எங்கே போகும்?" என்று கேளுங்கள்.