சாளரம் இல்லாத கொடை

பிள்ளையைக் கல்லூரி விடுதியில் சேர்க்கச் செல்லும் தாய் தந்தையர் என்ன செய்வார்கள்? பெட்டி படுக்கைகளை இறக்கி வைத்ததும் நேரே சென்று சாளரத்தைத் திறந்து பார்ப்பார்கள். காற்று வருகிறதா, வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தத் தாயின் மனம் அமைதி அடையும். திறப்பதற்குச் சாளரமே இல்லாத அறைகளை அடுக்கி, ஏறத்தாழ 4,500 மாணாக்கருக்கு ஒரே கட்டடத்தில் விடுதி எழுப்ப ஒரு பெரிய பல்கலைக்கழகம் முனைந்தது என்றால் நம்புவீர்களா, வாசகர்களே? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், கடலோர நகரமான சாண்டா பார்பராவில் நடந்த செய்தி இது.

அங்கே மாணாக்கருக்கு இருப்பிடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. வாடகையோ வானத்தைத் தொடுகிறது. மேலும் 5,000 மாணாக்கருக்கு இடம் அமைப்பதாகப் பல்கலைக்கழகம் 2010இல் வகுத்த நெடுநாள் திட்டத்தில் உறுதி கூறியிருந்தது. ஆனால் 2021இல் வகுப்புகள் தொடங்கியபோது, பல்கலைக்கழகமே மாணாக்கர் சிலரை ஓட்டல்களில் தங்கவைக்க நேர்ந்தது. வண்டிக்குள்ளேயே படுத்துறங்கிப் பாடம் படித்தவர்களும் இருந்தனர்.

இந்நிலையில்தான் சார்லி மங்கர் என்ற பெருஞ்செல்வர் 20 கோடி டாலர் தர முன்வந்தார். உலகப் பணக்காரர் வரிசையில் இடம்பெற்ற வாரன் பஃபெட்டின் வலக்கரமாக விளங்கியவர் அவர். யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கொடையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. கட்டடம் அவர் வகுத்த வரைபடத்தின்படியே எழ வேண்டும்!

மங்கர் கட்டடக் கலை பயின்றவர் அல்லர். சட்டம் படித்தவர். இளமையில், போர்க்காலத்தில், படைக்காக வானிலை இயல் கற்றவர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். வானத்தைப் படித்தவர் வகுத்த விடுதியில், உறங்கும் அறைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வானத்தைக் காண முடியாதவை.

அது எவ்வாறு நேர்ந்தது? கட்டடத்தின் வெளிச்சுவரில்தானே சாளரம் வைக்க முடியும்? நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிக்கொண்டே போனால் உள்ளே அடங்கும் இடம் மிக விரைவாக வளரும்; வெளிச்சுவரோ அந்த அளவுக்கு வளராது. அதனால்தான் பெருங்கட்டடம் எழுப்புவோர் நடுவே முற்றம் விடுவார்கள். அல்லது கட்டடத்தைக் கிளைகளாகப் பிரிப்பார்கள். இரண்டுக்கும் இடமும் செலவும் ஆகும். மங்கரின் வரைபடமோ பதினொரு மாடி கொண்ட ஒரே பெரும் பாளம். எட்டு அறைகள் சேர்ந்து ஒரு தொகுதி. எட்டுத் தொகுதிகள் சேர்ந்து 64 பேர் வாழும் ஓர் இல்லம். அத்தகைய எட்டு இல்லங்கள் ஒரு மாடியில். காற்று இயந்திரத்தின் வழியே வரும். சாளரம் இருக்க வேண்டிய இடத்தில், பகலொளியைப் போலக் கூட்டவும் குறைக்கவும் கூடிய செயற்கை விளக்கு ஒளிரும்.

அவர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே அறையில் இருவரையும் மூவரையும் அடைப்பதைவிட ஒவ்வொருவருக்கும் கதவடைத்துக்கொள்ளத் தனி அறை தருவது மேல் என்றார். அறைக்குள் முடங்கிக் கிடக்காமல் பொதுக் கூடத்துக்கு வந்து பிள்ளைகள் ஒருவரோடொருவர் பழகட்டும் என்றார். முதல் வாதத்தை நாமும் ஏற்கலாம். இரண்டாவதுதான் தொண்டையில் சிக்குகிறது. கூடத்துக்கு வர வைப்பதற்காக அறையின் வெளிச்சத்தையா பறிப்பது? காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளை கூடத்துக்கு எப்படி வரும்?

முதலில் வாய் திறந்தவர் டென்னிஸ் மெக்ஃபாடன் என்ற கட்டடக் கலைஞர். பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு ஆய்வுக் குழுவில் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அமர்ந்திருந்தவர். 2021 அக்டோபரில் அவர் பதவியைத் துறந்தார். இத்தனை ஆயிரம் பேருக்கு முதன்மை வாயில்கள் இரண்டே என்பதை எடுத்துக்காட்டினார். கட்டடக் கலைஞராக மட்டுமின்றி, பிள்ளைகளைப் பெற்றவராகவும் மனிதராகவும் தம்மால் இதை ஏற்க இயலாது என்று மடலில் எழுதினார். மடல் வெளியானதும் நாடெங்கும் பேச்சு எழுந்தது. மாணாக்கர் வீதிக்கு வந்தனர். பேராசிரியர் அவை அமைத்த குழுவும் 2022இல் உடல்நலம், பாதுகாப்பு பற்றிக் கவலை தெரிவித்தது.

இதற்கு முன்மாதிரி ஒன்று இருந்தது. மங்கர் தாம் பயின்ற மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு 11 கோடி டாலர் ஈந்து எழுப்பிய விடுதி 2015இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 600 முதுநிலை மாணாக்கருக்கான அக்கட்டடத்திலும் பெரும்பாலான உறங்கும் அறைகளுக்குச் சாளரம் இல்லை. தனி அறை, நல்ல சமையலறை என்று மகிழ்ந்தோரும் உண்டு. பொழுது விடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை என்று வருந்தியோரும் உண்டு. ஆனால் அவர்கள் வயது முதிர்ந்த முதுநிலை மாணாக்கர். சாண்டா பார்பராவிலோ பதினெட்டு வயதில் முதன்முறையாக வீட்டை விட்டு வரும் இளையோரும் தங்கிப் பயில்கிறார்கள்.

கணக்கையும் பாருங்கள். கட்டி முடிக்க ஆகும் செலவு 150 கோடி டாலர் அளவில் மதிப்பிடப்பட்டது. கொடையோ 20 கோடி. ஏழில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சியதைத் தேட வேண்டியது பல்கலைக்கழகம். ஒரு பங்கைத் தருபவர் முழு வீட்டுக்கும் வரைபடம் தருவதை அந்தப் பெரிய நிறுவனம் எப்படி ஒப்புக்கொண்டது என்பதுதான் நமக்கு வியப்பு. தட்டுப்பாடு அத்துணைக் கடுமையாக இருந்தது என்பதைத் தவிர வேறு விடை தோன்றவில்லை.

2023இல் பல்கலைக்கழகம் அந்த வரைபடத்தைக் கைவிட்டு வேறு கட்டடக் கலைஞர்களை நாடியது. அவ்வாண்டு நவம்பர் 28ஆம் நாள், நூறு வயது நிறைய ஐந்து வாரங்களே இருந்தபோது, மங்கர் காலமானார். 2021இல் அங்கே முதலாண்டில் சேர்ந்தவர்கள் நான்காண்டுப் படிப்பை முடித்து 2025இல் வெளியேறினார்கள். அதுவரை, அந்தப் பெருங்கட்டடத்துக்கு மாற்றாகத் திட்டமிடப்பட்ட விடுதியில் ஒரு கட்டில்கூட இடப்படவில்லை.