நாற்காலி இல்லாத டீச்சர்

என் தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வீட்டுக்குள் நுழைய மாட்டாள். வாசல் திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டிவிடுவாள். கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம் ஒரு மணி நேரம் மறையாது. கல்லுப்புப் போட்ட வெந்நீரை பேசினில் கொண்டுவந்து வைப்பேன். "அக்கா, ஒரு வாய் காப்பி" என்பாள். பதினோரு வருஷமாக இதுதான் எங்கள் சாயங்காலம்.

அவள் எம்.ஏ., பி.எட். நான் பத்தாவதோடு நின்றவள். திருப்பூரை ஒட்டிய ஒரு மெட்ரிக் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தபோது நான்தான் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தேன். "உங்க தங்கச்சி டீச்சருங்களா?" என்று கேட்கும்போது வருகிற பெருமை இருக்கிறதே, அதற்கு விலையே கிடையாது. அந்தப் பெருமைக்கு அவள் கொடுத்த விலை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அவள் சேர்ந்த நாலாம் வருஷம் வகுப்பறைகளில் இருந்த நாற்காலிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். டீச்சர் உட்கார்ந்தால் பாடம் தூங்கிவிடும் என்பது கரெஸ்பாண்டன்ட் கட்சி. ஒரு நாளைக்கு ஏழு பீரியட் நின்றபடியே. நடுவில் கிடைக்கிற ஒரு ஓய்வு பீரியடும் வராத டீச்சரின் வகுப்பைப் பார்க்கப் போய்விடும். மாதவிலக்கு நாளானாலும் சரி, வயிற்றில் ஆறு மாதமானாலும் சரி, இதே கதைதான். போன வருஷம் அவள் கெண்டைக்காலில் பச்சை நரம்பு புடைத்துச் சுருண்டுவிட்டது. வெரிகோஸ் என்றார் டாக்டர். நெடுநேரம் அசையாமல் நின்றால் ரத்தம் மேலே ஏறத் திணறி, கால் நரம்பிலேயே தேங்குமாம். மீள்காலுறை போடச் சொன்னார், படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கச் சொன்னார். நடுநடுவே உட்காரவும் சொன்னார். எதன்மேல் உட்காருவது?

2021ல் நம் மாநிலத்தில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஜவுளிக்கடைப் பெண்களை நினைத்து எனக்கு அத்தனை சந்தோஷம். தங்கை மட்டும், "எங்களையும் கடையிலே சேர்த்துக்கச் சொல்லுக்கா" என்று சிரித்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஒரு ஷிப்டா, ஒன்றரை ஷிப்டா என்பது அவளுக்குத் தெரியும். ஒன்றரை என்றால் ஒன்றரைக்கு உண்டான கூலி. சனிக்கிழமை கையில் காசு. பனியன் வேலை சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. பஞ்சுத் தூசியில் அவள் இருமுகிற இருமல் எங்கள் வீடு வரை கேட்கும். ஆனால் 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. சங்கமும் முதலாளிகளும் உட்கார்ந்து கூலி பேசி ஒப்பந்தம் போடுகிற பழக்கம் இங்கே உண்டு. தங்கைக்குப் பேச யார் இருக்கிறார்கள்?

பள்ளி மணி நாலேகாலுக்கு அடிக்கும். அதற்கப்புறம் ஸ்பெஷல் கிளாஸ், நோட்டுத் திருத்தல், மீட்டிங். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில், "நாளை காலை எட்டுக்குள் மார்க் பட்டியல் வேண்டும்" என்று வரும். மே மாத வெயிலில் நோட்டீஸ் கட்டைக் கொடுத்து வீடு வீடாக அட்மிஷன் பிடிக்க அனுப்புவார்கள். பரீட்சை முடிவு வந்ததும், யார் பாடத்தில் மார்க் குறைந்ததோ அவர் எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டும். ஒருநாள் பிள்ளைகள் பார்க்கவே கரெஸ்பாண்டன்ட் அவளைத் திட்டியிருக்கிறார். அன்றைக்கு அவள் காப்பிகூடக் கேட்கவில்லை. பிரின்ஸிபால் அம்மாவைக் குறை சொல்ல மாட்டாள். "அவங்களும் சம்பளக்காரங்கதானே அக்கா, மேலே வாங்கறதைக் கீழே இறக்கறாங்க" என்பாள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, வேறொரு பள்ளியில், "மிஸ் எப்பப் பாத்தாலும் உக்காந்தே இருக்காங்க" என்று நானே ஆபீஸில் போய்ப் புகார் சொன்னவள். அந்த டீச்சர் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தங்கை பள்ளியிலும் நாற்காலி போனது இப்படி ஒரு அம்மாவின் புகாரால்தானாம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் கால் வலி தாங்காமல் அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அப்போதுதான் இன்னொரு பூட்டு தெரிந்தது. சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருந்தார்கள். மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். சான்றிதழ் கடனுக்கு அடகுப் பொருள் அல்ல, பிடித்து வைக்க உரிமையில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது என்பதை என் வீட்டுக்காரரின் நண்பர், ஒரு வக்கீல், எடுத்துச் சொன்னார். அவர் ஒரு கடிதம் அனுப்பியதும் கவர் வீடு தேடி வந்தது.

அவர்தான், "கிராஜுவிட்டி கேட்டீங்களா?" என்றார். தங்கை விழித்தாள். அது பனியன் கம்பெனிக்காரர்களுக்கும் மில்காரர்களுக்கும் உள்ளது என்றே நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம்.

அந்தக் கதை பெரியது. கற்பிப்பது உயர்ந்த பணி, ஆசிரியர் தொழிற்தகராறுச் சட்டப்படி தொழிலாளி ஆகார் என்று 1988ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பணிக்கொடைச் சட்டத்திலும் ஆசிரியர் வரமாட்டார் என்று 2004ல் தீர்ப்பு. உயர்ந்த பணி என்று சொல்லிச் சொல்லியே கையைக் காலியாக அனுப்புகிற வித்தையை என்னவென்று சொல்ல? பிறகு 2009ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கும் உண்டு என்றது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று முடித்தது. 2025 நவம்பரில் அந்தப் பழைய சட்டம் புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

நிரந்தர வேலையில் ஐந்து வருஷம் முடித்திருக்க வேண்டும். கடைசி மாத அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, பதினைந்தால் பெருக்கி, இருபத்தாறால் வகுத்து, வருஷத்தால் பெருக்க வேண்டும். தங்கைக்கு 14,000 சம்பளம், பதினோரு வருஷம். மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நானே போட்டுப் பார்த்தேன். 88,846 ரூபாய். இரண்டாவது தரமும் போட்டேன், அதேதான் வந்தது.

பள்ளிக்கு மனு கொடுத்து இரண்டு மாதமாகிறது, பதில் இல்லை. பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுச் செய்யலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நியமன ஆணை, சம்பளம் வரவான பாங்க் பாஸ்புக், ராஜினாமா நகல் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் எடுத்து வைத்திருக்கிறோம். இதைப் படிக்கிற டீச்சர் தங்கைகள் இவற்றையெல்லாம் சேர்ந்த நாள் முதலே பத்திரப்படுத்தி வையுங்கள். நியமன ஆணையைத் தேடி எடுக்கவே எங்களுக்கு நாலு நாள் ஆயிற்று.

"எதுக்குக்கா வம்பு, அங்கே இன்னும் என் சிநேகிதிகள் வேலை பாக்கறாங்க" என்கிறாள் தங்கை. அவர்களில் இரண்டு பேர் நேற்று ராத்திரி போன் செய்து, அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று கேட்டார்கள். திங்கட்கிழமை நானும் அவளோடு போகிறேன்.