சாய்வே திருப்பமாகும் பலகை

நான்கு சக்கரங்களின்மேல் ஓடும் எந்த ஊர்தியும் சக்கரம் வழுக்காமல் வளைந்து செல்ல வேண்டுமானால், இணையாகக் கிடக்கும் அதன் முன் அச்சும் பின் அச்சும் அந்நிலையிலிருந்து விலகியாக வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மாட்டுவண்டிக்கு அச்சு ஒன்றே என்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. காளைகள் திரும்பிய பக்கம் வண்டியும் திரும்பிவிடும். அதே விருதுநகர் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கோ அச்சுகள் அசையாதவை என்பதால், வீதி முனையில் சக்கரத்தடியில் கட்டை கொடுத்து, வடத்தை ஒருபுறமாக இழுத்தே திருப்ப முடிகிறது. லாங்போர்டு எனப்படும் நீண்ட சறுக்குப்பலகை மூன்றாவது வழியைக் கையாள்கிறது: மேலே நிற்பவர் ஒருபக்கம் சாயும்போது, அந்தச் சாய்வே அச்சுகளின் திருப்பமாக மாறுகிறது.

இந்த உத்தி 1863இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் காப்புரிமை பெற்ற உருளைச் சறுக்குக் காலணியிலிருந்து வந்தது. பலகையின் அடியில் முன்னும் பின்னும் திருகப்படும் உலோக அமைப்புக்கு டிரக் என்று பெயர். பலகையோடு ஒட்டியிருக்கும் அடித்தட்டு, சக்கரங்களைத் தாங்கும் ஹேங்கர், இரண்டையும் பிணைக்கும் கிங்பின் என்னும் தடித்த மரையாணி, அதைச் சுற்றி அமுங்கி விரியும் யூரித்தேன் புஷ்கள் ஆகியவை அதன் உறுப்புகள். ஹேங்கர் சுழலும் கற்பனைக்கோடு தரையோடு எத்தனை பாகைக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே பலகையின் குணம் அமைகிறது. அக்கோடு தரைக்கு இணையாகப் படுத்திருந்தால் பலகை சாயுமே தவிரத் திரும்பாது. நிமிர நிமிரச் சிறு சாய்வுக்கும் பெருந்திருப்பம் கிடைக்கும்.

அச்சுகளுக்கிடையே 75 சென்டிமீட்டர் உள்ள ஒரு பலகை 10 பாகை சாய்வதாகக் கொண்டால், 50 பாகை டிரக்கின் அச்சு ஏறத்தாழ 11.7 பாகை திரும்ப, 25 பாகை டிரக்கின் அச்சு 4.6 பாகையோடு நின்றுவிடும். இரு முனைகளிலும் 50 பாகை இருந்தால் வளைவின் ஆரம் சுமார் 1.8 மீட்டர், பின் டிரக்கை மட்டும் 25 ஆக்கினால் அது 2.6 மீட்டராக விரியும்.

திருப்பம் குறையும் இந்த இழப்பை வலிய ஏற்பதற்குக் காரணம் வேகத்தில் தோன்றும் உதறல். விரைந்து செல்லும்போது காலின் சிறு நடுக்கமும் திருப்பமாகிவிட, அதைச் சரிசெய்யும் முயற்சியே மறுபக்கத் திருப்பமாகி, பலகை இடமும் வலமும் அடித்து ஆளைத் தூக்கி எறிகிறது. பின் டிரக் மந்தமாக இருந்தால் முன்பகுதி வழிகாட்டப் பின்பகுதி அடங்கித் தொடரும். புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் கிங்பின் மரையை இறுக்கியே இதைத் தீர்க்கப் பார்க்கிறார்கள்; அது புஷ்ஷை நசுக்கிப் பலகையை மரத்துப்போகச் செய்யுமே ஒழிய, கோணத்தை மாற்றுவதற்கு ஈடாகாது.

கோணத்தை மாற்றப் புதிய டிரக் வாங்க வேண்டியதில்லை. பலகைக்கும் அடித்தட்டுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகட்டை வைத்தால் போதும். ஆப்பின் தடித்த பக்கம் பலகையின் நடுப்பகுதியை நோக்கினால் கோணம் கூடும், வெளிமுனையை நோக்கினால் குறையும். முன் டிரக்குக்கு முதல் வகையும் பின் டிரக்குக்கு இரண்டாம் வகையும் பொருந்தும். தகட்டின் தடிமனுக்கு ஏற்ப நீளமான திருகாணிகளும் வேண்டும்.

தமிழ்நாட்டில் பலகைச் சறுக்கு கோவளம், மாமல்லபுரம் கடற்கரைகளோடு சேர்த்தே பேசப்படுகிறது. அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் காட்டின் கணக்கு வேறு. ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் கரிமண் தன்மேல் போட்ட தார்ச்சாலையை மேடு பள்ளமாக்கிவிடுவதால், இறக்கமே இல்லாத சமதரையிலும் பலகை அதிர்கிறது. வெயிலில் யூரித்தேன் இளகுவதால் காலையில் கச்சிதமாக இருந்த புஷ் நண்பகலில் தொளதொளக்கும். எனவே இவ்வட்டாரத்துக்குப் பின் கோணத்தைக் குறைத்து, சற்றுக் கடினமான புஷ்ஷையும் அகன்ற மென்மையான சக்கரத்தையும் பூட்டுவதே ஏற்றது. சக்கரம் மென்மையாக இருந்தால் அதிர்வை அதுவே வாங்கிக்கொள்ளும். அகலமாக இருந்தால் வெடிப்பில் சிக்காது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலை எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் லாரிகளுக்கு உரியது. போக்குவரத்து அரிதான கிராமச் சாலைகளில், அதுவும் தலைக்கவசத்தோடு, அதிகாலையில் பழகுவதே தக்கது.