இருபக்க நெகிழ்சுற்று: எப்போது பொருத்தம்?

மாணவர்களே, கைத்தொலைபேசி திருத்தும் கடையில், கமராவைப் பிரதான பலகையுடன் இணைக்கும் மெல்லிய நாடாவைப் பார்த்திருப்பீர்கள். அதுவே நெகிழ் அச்சுச்சுற்று. பற்றாசு பிடிக்கும் வெப்பத்தையும் தாங்கும் பொலியிமைட்டுப் படலமே அதன் காவலி.

செப்புக் கடத்திகள் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், இரண்டு கடத்திகள் ஒன்றையொன்று தொடாமல் குறுக்கிட முடியாது. தெமோதரையில் பதுளைப் புகையிரதப்பாதை தன்னையே எவ்வாறு கடக்கிறது? வளைந்து இறங்கி, நிலையத்துக்குக் கீழுள்ள சுரங்கத்தினூடாகச் செல்கிறது. அதாவது வேறொரு தளத்தில். இருபக்கச் சுற்றிலும் அதேதான். ஒரு கடத்தி துளையினூடாக மறுபக்கம் போய், மற்றதைக் கடந்து மீள்கிறது. துளையின் உட்சுவரிலுள்ள செப்பு முலாமே இரு பக்கங்களையும் இணைக்கிறது.

ஆகவே கடத்திகள் பல, இடமோ சிறிது என்றால் இருபக்கச் சுற்றைத் தெரிவுசெய்க. ஒரு பக்கம் முழுவதையும் புவித்தொடுப்புப் படையாக்கி இரைச்சலைக் குறைக்க வேண்டுமாயினும் இதுவே பொருத்தம்.

“இருபக்கச் சுற்றே எப்போதும் சிறந்தது” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்! வளைக்கும்போது வெளிப்பக்கச் செப்பு இழுபடும். உட்பக்கச் செப்பு நெருக்கப்படும். திரும்பத் திரும்ப வளைத்தால் வெடித்து அறும். ஒருபக்கச் சுற்றிலோ செப்பை இரு படலங்களுக்கு நடுவே வைக்கலாம். அங்கு இழுவை மிகக் குறைவு. எனவே அச்சுப்பொறியில் இங்குமங்கும் ஓடும் மைத்தலைக்கு ஒருபக்கச் சுற்று. பொருத்தும்போது ஒரு தடவை மட்டும் வளையும் கமரா நாடாவுக்கு இருபக்கச் சுற்று. அப்போதும் துளைகள் வளைவில் வரக்கூடாது; வளைவின் ஆரை, தடிப்பைப் போல் ஏறத்தாழ 12 மடங்காவது இருக்க வேண்டும். தடிப்பு 0.2 மி.மீ. எனின் ஆரை 2.4 மி.மீ.