ஜெப ஆலயத்தில் பிள்ளைகளின் புத்தகம்

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதர்களின் பரதேசி ஜெப ஆலயத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் தரையைத்தான் பார்க்கிறார்கள். சீனத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டில் வந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகள். நீலத்தில் கையால் தீட்டியவை. செராமிக் தொழிலில் பிழைக்கும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு அந்தத் தரையை விட்டு நகரவே மனம் வராது. அந்த ஓட்டுக்குக் கிடைத்த புகழில் கால்பங்குகூட கேரள யூதர்களின் வாசிப்புக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பையன்களோடு பெண் பிள்ளைகளுக்கும் எபிரேயம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அக்காலத்தில் வேறு நாட்டு யூதர்கள் பலரிடம் இல்லாத வழக்கம் இது. வேதக் கதைகளையும் கல்யாணப் பாட்டுகளையும் பெண்கள் மலையாளத்தில் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துப் பாடினார்கள். சிறுபான்மைச் சமூகம் ஒன்று நிலைப்பதற்குக் கட்டடத்தைவிடப் பிள்ளைகள் கையில் இருக்கும் புத்தகமே கூடுதலாக உதவுகிறது என்பதற்கு இதுவே எனக்குப் போதுமான சான்று.

எபிரேயத்தைப் பொருள் தெரியாமல் ஒப்பிப்பது வாசிப்பாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரவேல் யூதர்கள் அதற்கு வழி கண்டார்கள். பஸ்கா பண்டிகை இரவில் வாசிக்கும் ஹகதா நூல் 1846இலேயே பம்பாயில் மராத்தி மொழிபெயர்ப்போடு அச்சேறியது. 1874இல் புனேயில் வந்த பதிப்பில் படங்களும் உண்டு. அவற்றில் புளிப்பில்லா அப்பம் செய்யும் பெண்கள் சேலை கட்டியிருக்கிறார்கள். எகிப்தை விட்டு வெளியேறிய பழங்கதை, பார்க்கிற பிள்ளைக்குத் தன் வீட்டு அடுப்படிக் கதையாகிவிடுகிறது. அந்த இரவின் முறையும் கவனிக்கத் தக்கது: வீட்டின் கடைக்குட்டி எழுந்து நான்கு கேள்வி கேட்க வேண்டும், பெரியவர்கள் நூலைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பிள்ளை வாய் திறக்காமல் விருந்து நகராது.

இவ்வளவு படித்தும் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்களே என்பார்கள். போனார்கள், பாட்டு நோட்டுகளும் கூடவே போயின. 2005இல் ஜெருசலேமின் பென்-ஸ்வி நிறுவனம் அந்தப் பாடல்களில் ஒரு தொகுதியை எபிரேய மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஹரோல்ட் கிரின்ஸ்பூன் அறக்கட்டளை, யூதப் பிள்ளைகளின் வீட்டுக்கு மாதந்தோறும் இலவசக் கதைப் புத்தகம் அனுப்பும் பிஜே லைப்ரரியைத் தொடங்கியது. வீட்டுக்கே புத்தகம் வந்தபின் ஜெப ஆலயத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு புத்தக அலமாரி எதற்கு? வாசித்த கதையை இன்னொரு பிள்ளையிடம் சொல்ல ஓர் இடம் வேண்டும். தன் வீட்டைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் கூடுவது ஜெப ஆலயத்தில்தான்.

மத நிறுவனம் தேர்ந்தெடுக்கும் புத்தகம் பிள்ளையின் உலகைச் சுருக்கிவிடாதா? அந்த அலமாரி மட்டுமே இருந்தால் சுருக்கத்தான் செய்யும். அதற்காகத்தான் பொதுநூலகம். சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, விருத்தாசலத்தில் சொத்துவரி கட்டுகிறவர் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார். பொதுநூலகத்தில் பலரின் கதையும் கிடைக்கும். ஆனால் பத்து வீடு மட்டுமே உள்ள சமூகத்தின் பாட்டிக் கதையை எந்தக் கிளை நூலகமும் தேடி வாங்கி வைக்காது. அதை அந்தப் பத்து வீடுதான் செய்தாக வேண்டும்.