பிறந்த வீட்டுக்கு வரும் பறவைகள்

நெல்லை மாவட்டம் நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம் என்று ஓர் ஊர். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். உலக அளவில் முக்கியமான நீர்நிலைகள் என்று ராம்சர் பட்டியல் ஒன்று இருக்கிறதே, அதிலும் இடம் பிடித்துவிட்டது. பாளையங்கோட்டையிலேயே இருந்தும், போன பங்குனி மாதம்தான் குழந்தைகளோடு போய்ப் பார்க்க எங்களுக்கு நேரம் வாய்த்தது.

சரணாலயம் என்றால் கம்பி வேலிக்குள் எங்கோ தூரத்தில் பறவைகள் இருக்கும் என்று நினைத்திருந்தாள் என் மகள். இங்கேயோ, குளத்து மரங்கள் போதாதென்று ஊருக்குள்ளும் மரத்துக்கு மரம் கூடு! கூழைக்கடாவின் அலகுப் பைக்குள் தலையை விட்டு மீன் தின்றுகொண்டிருந்தன குஞ்சுகள். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. மஞ்சள்மூக்கு நாரை ஒன்று இரண்டு சிறகையும் குடை மாதிரி விரித்து, குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தபடி அசையாமல் நின்றது. "அதுக்கு வெயில் சுடாதாம்மா?" என்று மகள் கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் நாற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். மீன் வாடை, எச்சம், இரவு பகலாகச் சத்தம். திண்ணையில் இருந்த ஆச்சியிடம், "எப்படி ஆச்சி பொறுத்துக்கிடுதீங்க?" என்று கேட்டேன்.

"பிரசவத்துக்கு வந்த பிள்ளைய, நாறுதுன்னு வெளிய தள்ளவா முடியும் தாயி? பேறுகாலம் முடிஞ்சதும் அதுவே போயிரும். இதுவ வந்தாத்தான் ஊருக்கு மழையும் வெள்ளாமையும்" என்றார் ஆச்சி. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரமாம்.

அந்த வார்த்தை எனக்கு உடனே கைகொடுத்தது. எங்கள் தெரு வேப்பமரத்தில் கொக்குகள் கூடு வைத்திருந்தன. துணியெல்லாம் பாழாகிறது, வண்டியெல்லாம் வெள்ளையாகிறது என்று மரத்தையே வெட்ட ஆள் பேசிவிட்டார்கள். நான் வீடு வீடாகப் போய் ஆச்சி சொன்னதைச் சொன்னேன். "ரெண்டு மாசம் பொறுங்கக்கா, குஞ்சு பறந்துரட்டும்" என்று கெஞ்சினேன். கொடியை மொட்டை மாடிக்கு மாற்றினோம். வண்டிகளுக்குப் பழைய படுதா போட்டோம். இரண்டு வீட்டில் முணுமுணுப்பு ஓயவில்லை. இருந்தாலும் குஞ்சுகள் பறந்துவிட்டன. பிறகு கரண்டுக் கம்பியில் உரசிய கிளைகளை மட்டும் கழித்தோம். மரம் நிற்கிறது.

தோழியரே, உங்கள் தெருவிலும் மரம் வெட்ட ஆள் வந்தால், முதலில் அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். கூந்தன்குளம் போகிறவர்கள் ஹாரன் அடிக்காதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். மார்கழி, தையில் போனால் இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தையும் பார்க்கலாம். அத்தனை தூரம் நம்மை நம்பி வருகிற விருந்தாளி அல்லவா?

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை