காற்றில் கை வீசினால் கணக்கு வருமா?

கடையில் கணனி வைத்திருக்கும் எவருக்கும் இந்த ஆசை ஒரு நாளாவது வந்திருக்கும். இரு கைகளிலும் சாமான் இருக்கும் நேரம் பார்த்து வாடிக்கையாளர் விலை கேட்பார். சாமானை இறக்கி வைத்து, கவுண்டருக்கு வந்து, மௌஸைப் பிடித்து, மூன்று நான்கு பக்கங்களைத் திறந்த பிறகுதான் பதில் சொல்ல முடியும். கையைச் சற்று அசைத்தால் ஸ்டொக் விபரம் முழுவதும் கண்முன்னே காற்றில் வந்து நிற்காதா என்று நான் பல தடவைகள் ஏங்கியிருக்கின்றேன். இப்போதும் ஏங்குகின்றேன்.

இந்த ஏக்கத்தை உலகெங்கும் பரப்பியது 2002 இல் வெளிவந்த 'மைனோரிட்டி ரிப்போர்ட்' என்ற ஆங்கிலத் திரைப்படமாகும். 2054 ஆம் ஆண்டில் நடப்பதாகச் சொல்லப்படும் அக்கதையில் டொம் குரூஸ் கையுறை அணிந்து, கண்ணாடித் திரை முன் நின்று, படங்களைக் கையசைவாலேயே தள்ளியும் இழுத்தும் வேலை செய்வார். இது வெறும் சினிமாக் கற்பனையல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்திலிருந்து வந்த ஜோன் அன்டர்கொஃப்லர் அப்படத்தின் விஞ்ஞான ஆலோசகராக இருந்தார். அதற்கும் முன்னர், 1980 இலேயே, அதே எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் போல்ட் என்பவர், பெரிய திரையை நோக்கி விரலை நீட்டி 'அதை அங்கே வை' என்று சொன்னால் உருவம் இடம் மாறும் ஏற்பாட்டைச் செய்து காட்டினார்.

ஆக, 40 வருடங்களுக்கும் மேலாக இந்த முயற்சி நடக்கின்றது. அப்படியிருந்தும் எமது கவுண்டருக்கு அது ஏன் வந்து சேரவில்லை? வியாபாரிகள் என்ற வகையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

பெரிய கைகளே சுட்டுக்கொண்டன

மைக்ரோசொப்ட் கம்பனி 2010 நவம்பரில் 'கினெக்ட்' என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒளிப் புள்ளிகளை அறை முழுவதும் வீசி, அவை எப்படி விழுகின்றன என்பதைக் கொண்டு மனிதனின் கை கால் அசைவைக் கண்டுபிடிக்கும் கருவி அது. முதல் 60 நாட்களில் 80 இலட்சம் கருவிகள் விற்பனையாகின. ஆனால் விளையாட்டில் இருந்த புதுமை தீர்ந்ததும் கேள்வியும் குறைந்தது. 2017 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

அதே கம்பனி 2016 இல் 'ஹோலோலென்ஸ்' என்ற தலைக்கருவியை மென்பொருள் தயாரிப்பாளர்களுக்கு 3,000 டொலருக்கு வழங்கியது. 2019 இல் வந்த இரண்டாவது ஹோலோலென்ஸின் விலை 3,500 டொலர். பொதுவாக மின்னணுச் சாமான்களின் விலை வருடத்துக்கு வருடம் இறங்கும், இங்கே ஏறியது. 2024 இல் அதன் உற்பத்தியும் முடிவுக்கு வந்தது. அதே 2024 பெப்ரவரியில் அப்பிள் கம்பனி 'விஷன் புரோ'வை 3,499 டொலருக்கு வெளியிட்டது. அதன் எடை 600 கிராமுக்கும் மேல். பற்றரி சுமார் இரண்டு மணித்தியாலம் தாங்கும். காலை திறந்து இரவு மூடும் கடைக்கு இது எப்படிப் போதும்?

தடை எங்கே?

முதலாவது, ஒளியின் இயல்பு. ஓட்டுக்கூரையின் துவாரத்தால் விழும் வெயில், தூசியில் பட்டால்தான் எமக்கு ஒரு கோடாகத் தெரிகின்றது. அதேபோல, எதிலும் படாமல் வெற்று வெளியில் ஒளி நின்று உருவம் காட்டாது. டெனிஸ் காபோர் 1947 இல் கண்டுபிடித்து, 1971 இல் நோபல் பரிசு பெற்ற ஹோலோகிராம் முறைக்கும் படத்தைப் பதிந்து வைக்க ஒரு தகடு தேவைப்பட்டது. அதனால்தான் இன்று 'காற்றில் படம்' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் கண்ணுக்கு முன் கண்ணாடியையோ திரையையோ மாட்டிக்கொள்ளச் சொல்கின்றன.

இரண்டாவது, எமது உடம்பு. கையை நெஞ்சளவு உயரத்தில் நீட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்று பாருங்கள், தோள் கடுக்கும். மௌஸில் கை மேசையிலேயே ஓய்வாகக் கிடக்கின்றது. விசைப்பலகையில் எழுத்து அழுந்தியது விரலுக்குத் தெரிகின்றது. காற்றில் அழுத்தினால் எதுவும் தெரிவதில்லை.

பிழைத்த இடங்கள்

என்றாலும் இத்தொழில்நுட்பம் எல்லா இடங்களிலும் தோற்கவில்லை. கனடாவில் டொரன்டோ நகரின் சன்னிபுரூக் வைத்தியசாலையில், சத்திரசிகிச்சை நிபுணர்கள் கினெக்டைக் கொண்டு ஸ்கேன் படங்களைக் கையசைவால் புரட்டிப் பார்த்தார்கள். கிருமி நீக்கிய கையால் மௌஸைத் தொட்டால் மீண்டும் கழுவி வர வேண்டும் அல்லவா? டீ.எச்.எல். நிறுவனம் நெதர்லாந்திலுள்ள தனது களஞ்சியமொன்றில், சாமான் எடுக்கும் ஊழியர்களுக்குத் திரையுள்ள மூக்குக்கண்ணாடி கொடுத்துப் பரீட்சித்தது. எந்த இறாக்கையில் எத்தனை எடுக்க வேண்டும் என்பதைக் கண்ணாடியே காட்டியது. வேலைத்திறன் 25 சதவீதம் உயர்ந்ததாக 2015 இல் அந்நிறுவனம் அறிவித்தது.

இரு இடங்களிலும் பொதுவான விடயம் ஒன்றுதான்: வேலை செய்பவரின் கைக்கு ஓய்வில்லை. மேசையில் உட்கார்ந்து பில் போடுபவருக்கு இந்தக் கருவி ஆடம்பரம். களஞ்சியத்தில் பெட்டி தூக்குபவருக்கு அது உதவி.

நாம் செய்யக்கூடியது

பார்கோட் ரீடரை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளை நோக்கிக் காட்டியவுடன் பெயரும் விலையும் வருகின்றது. அதுவும் ஒரு சைகைதானே? 1974 ஜூன் 26 ஆம் திகதி, ஒஹாயோ மாநிலத்துக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பக்கற்றுடன் தொடங்கிய அம்முறை அரை நூற்றாண்டாக நிலைத்து நிற்கின்றது. விலை மலிவு, கை வலிப்பதில்லை, ஒரு நாளில் பழகிவிடலாம்.

புதிய கருவி எதையும் எவராவது காட்ட வந்தால் நான் கேட்பது மூன்று கேள்விகள். எந்த ஊழியரின் எந்த நடையை இது மிச்சப்படுத்தும்? முழு நாளும் பாவிக்க முடியுமா? தயாரிப்பவர் நாளை கையை விரித்தால் எனது ஸ்டொக் விபரத்தை வேறு கணனிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் காசைப் பெட்டியிலேயே வைத்திருப்பது நல்லது.

இதற்கிடையில் எமது பக்கத்தில் ஒரு வேலை இருக்கின்றது. ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கம் இட்டு, வரவையும் விற்பனையையும் அன்றன்றே பதிவது. அது இல்லாத கடையில் நாளை காற்றிலேயே படம் தெரிந்தாலும், தெரியப்போவது பிழையான கணக்குத்தான். இவ்வேலைக்கு டொலர் தேவையில்லை. அடுத்த ஸ்டொக் எடுப்பிலேயே ஆரம்பிக்கலாம்.